ஊர் கூடிக் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வது எப்படி

காலநிலை மாற்றத்தைப் பற்றி ஊர்க் கூட்டம் ஒன்று போடலாம் என்று முன்வருபவர் முதலில் தேடி எடுப்பது பெரும்பாலும் உருகும் பனிப்பாறையின் படத்தையும் ஏறிக்கொண்டே போகும் வெப்பநிலைக் கோட்டையும்தான். வந்தவர்கள் அக்கறையோடு கேட்பார்கள், தலையசைப்பார்கள், அரசாங்கம் பார்த்து ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் உட்காரவைத்ததே அதற்குக் காரணம். ஒரு வேலையைச் செய்யலாம் என்று தாங்களே தீர்மானித்தவர்கள்தாம் அதைக் கடைசிவரை விடாமல் காப்பாற்றுவார்கள் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் எல்லாவற்றையும் அந்தக் கருத்தை வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதல் மாதம் கேட்பதற்கு

எந்தத் திட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு பெரிய தாள், நான்கைந்து பேனாக்கள், பத்து முதல் பதினைந்து பேர் இருந்தால் முதல் சந்திப்புக்குப் போதும். தாளின் குறுக்கே ஒரு கோடு வரைந்து, அதன் ஒரு முனையில் இன்றைய ஆண்டையும் மறுமுனையில் கூடியிருப்பவர்களில் மூத்தவருக்கு நினைவு தெரிந்த ஆண்டையும் எழுதுங்கள். பிறகு கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: மழை எப்போது தொடங்கும், இப்போது எப்போது தொடங்குகிறது? எந்தக் கிணறு முதலில் வற்றும்? எந்த ஆண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, எதுவரை வந்தது? இரவில் உறங்க முடியாத அளவுக்குப் புழுங்கும் வீடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன? முன்பு பார்த்த பறவையோ மீனோ செடியோ எது இப்போது கண்ணில் படுவதில்லை?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும்போது கூட்டத்தின் தன்மையே மாறிவிடுவதைப் பார்க்கலாம். நான் இருந்த ஒரு சந்திப்பில் அதுவரை வாயே திறக்காமல் பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து எங்களை வெளியே அழைத்துப் போய், தம் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் மங்கலாக ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினார். அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு கோடு இருந்தது. கீழ்க்கோடு அவருக்குத் திருமணமான புதிதில் வந்த வெள்ளம். மேல்கோடு அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, வடிகாலின் மீது கட்டடங்கள் எழுந்த பிறகு வந்தது. அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை. அந்தச் சுவரிலிருந்து வடிகால் எவ்வளவு தூரம் என்று யாரோ கேட்டார், இன்னொருவர் நடந்து அளக்கப் போனார். வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு நடை வையுங்கள். ஒரே பாதையில் இரண்டு முறை, உச்சிவெயில் தாழத் தொடங்கும் இரண்டு மணிக்கு ஒருமுறையும் இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் நடக்க வேண்டும். சாதாரண வெப்பமானி ஒன்று போதும். அதை நேர்வெயில் படாமல் நிழலில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல், ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பிடித்து அளவு நிலைத்த பிறகே, கையால் வரைந்த ஊர் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு நடையைத் தவிர்க்காதீர்கள். பகலில் வெப்பத்தை வாங்கிக்கொண்ட கான்கிரீட்டும் தாரும் அதை இரவில்தான் வெளியே விடுகின்றன. உடல் ஓய்வு பெறாமல் போவதும் அந்த இரவுகளில்தான். மரங்கள் உள்ள தெருவுக்கும் இல்லாத தெருவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கள் கையால் அளந்தவர்களிடம் நிழலின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கும்போதே அந்த வரைபடத்தில் இன்னொன்றையும் குறியுங்கள்: தனியாக வாழும் முதியோர், படுத்த படுக்கையாக இருப்பவர், கைக்குழந்தை உள்ள வீடு, வெயிலில் வேலை செய்பவர். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாழ்ந்த முதியவர்கள். ஒரே அளவு வறுமை உள்ள அண்டைப் பகுதிகளுக்கிடையேகூட இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டதை ஆராய்ந்தவர்கள், மக்கள் தெருவில் நடமாடி ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த பகுதிகள் கூடுதலாகத் தப்பித்ததைக் கண்டனர். பக்கத்து வீட்டாரைத் தெரிந்து வைத்திருப்பதும் காலநிலைப் பணிதான் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பெயர்ப் பட்டியலைப் பொதுப்பலகையில் ஒட்டிவிடாதீர்கள். உரியவர்களின் ஒப்புதலோடு, பொறுப்பான இரண்டு பேரிடம் மட்டும் அது இருக்கட்டும்.

வராதவர்களின் பெயரை எழுதுங்கள்

முதல் சந்திப்பு முடிந்ததும் வந்தவர்களின் பட்டியலைவிட முக்கியமானது வராதவர்களின் பட்டியல். வாடகைக்குக் குடியிருப்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள், இரவுப்பணி பார்ப்பவர்கள், சிறு பிள்ளைகளை விட்டு வர முடியாத தாய்மார்கள், பள்ளி மாணவர்கள் ஆகியோர் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருப்பார்கள். வெள்ளமும் வெப்பமும் முதலில் தொடுவதும் அவர்களைத்தான். அவர்களை வரச்சொல்லி அறிவிப்பு ஒட்டினால் போதாது. அவர்களுக்கு ஏற்ற நேரம் எது என்று நேரில் போய்க் கேட்டு, கூட்டத்தின் நேரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மாடிப்படி ஏற வேண்டாத இடமாகப் பாருங்கள்.

கூட்டத்துக்குள்ளும் ஒரு முறை வேண்டும். முப்பது பேரை வட்டமாக உட்காரவைத்துக் கருத்துக் கேட்டால் நான்கு பேர் மட்டுமே பேசுவார்கள், அந்த நான்கு பேர் யார் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொருவரும் முதலில் இரண்டு நிமிடம் தனியாக ஒரு சீட்டில் எழுதட்டும் அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதச் செய்யட்டும், பிறகு பேசட்டும். ஊரில் செல்வாக்கு உள்ளவரைக் குழுவின் எழுத்தராக நியமிப்பது நல்ல வழி, ஏனென்றால் எழுத்தர் மற்றவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் நடப்பவற்றை ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர் 1969இல் எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகைப்படுத்தினார். அடிப்படியில் மக்களை ஏய்த்து ஒப்புதல் வாங்குவது இருக்கிறது. நடுப்படிகளில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் இருக்கின்றன. மேற்படிகளில்தான் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதும் மக்களே பொறுப்பேற்பதும் வருகின்றன. கருத்துக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு, முடிவை வேறோர் அறையில் எடுத்தால் அது பெயரளவுப் பங்கேற்பு மட்டுமே என்பது அவர் வாதம். உங்கள் கூட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நிமிட அறிவியல்

அறிவியலைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் மக்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லி முடித்த பிறகு, பத்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 280 பங்கு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தின் ஒரு பகுதியைப் பிடித்து நிறுத்துவதால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளின் சராசரி வெப்பநிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. 2024ஆம் ஆண்டு மட்டும் தனியாக ஒன்றரை டிகிரியைத் தாண்டியது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஒரு டிகிரி கூடும்போது காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். பெய்யாமல் ஏய்க்கும் மேகம் பெய்யத் தொடங்கினால் ஒரேயடியாகக் கொட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதோடு ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு தெரு தன் குப்பையை உரமாக்குவதால் உலக வெப்பநிலை கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைந்துவிடாது. கரியமில வாயு போன்றவை காற்றில் கலக்கும் உமிழ்வைக் குறைப்பது ஒரு கடமை. மின்சாரம், போக்குவரத்து, தொழிற்சாலை எல்லாம் மாறினால்தான் அது நிறைவேறும், அதற்கு அரசுகளை வலியுறுத்தும் குரலும் வேண்டும். வந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப ஊரைத் தகவமைத்துக்கொள்வது இன்னொரு கடமை. அதில் ஒரு தெருவின் உழைப்புக்கு அந்தத் தெருவிலேயே பலன் உண்டு. தூர் வாரிய வடிகால் அதே ஆண்டு மழையில் பலன் தரும். மிகைப்படுத்தி வாக்குக் கொடுத்துச் சேர்த்தவர்கள் ஓராண்டில் ஏமாந்து விலகுவார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிச் சேர்த்தவர்கள் நிலைத்து நிற்பார்கள்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுத்தல்

கேட்டறிந்தவற்றிலிருந்து ஐந்தாறு வேலைகள் தாமாகவே முன்னுக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற ஆவலை அடக்கி, ஒன்றே ஒன்றை எடுங்கள். அந்த ஒன்றைச் சோதித்துப் பார்க்க நான் நான்கு கேள்விகளைக் கேட்பேன். இதன் பலன் ஒரு பருவத்துக்குள் கண்ணுக்குத் தெரியுமா? வெளியாரின் அனுமதியோ பெரும்பணமோ இல்லாமல் தொடங்க முடியுமா? வாரத்துக்கு எத்தனை மணி நேர உழைப்பு வேண்டும், அதைத் தருபவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்களா? நாம் களைத்துப்போய் நிறுத்தினால் ஊருக்குத் தொல்லை ஏதும் மிஞ்சுமா? மூன்றாவது கேள்விக்குப் பெயர்களாக விடை வராவிட்டால் அந்த வேலையை ஆறப்போடுவது நல்லது.

மரம் நடுவதையே பலரும் முதல் வேலையாக எடுக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. நடுவது ஒரு நாள் வேலை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கோடைதோறும் தண்ணீர் ஊற்றி, கூண்டு கட்டி, கன்று நிமிர்கிறதா என்று பார்ப்பதே உண்மையான வேலை. தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் பெயர்கள் நிரம்பிய பிறகே குழி தோண்டுங்கள். நூறு கன்று நட்டுத் தொண்ணூறைக் காயவிடுவதைவிடப் பத்துக் கன்று நட்டுப் பத்தையும் வளர்ப்பது மேல். மண்ணுக்குரிய நாட்டு வகைகளையே தேர்ந்தெடுப்பதும் வேர் பரவ இடம் விடுவதும் சொல்லாமலே விளங்கும்.

மழைநீரைச் சேமிப்பது கணக்குக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டர். சிதறலும் ஆவியாதலும் போக அதில் ஏறக்குறைய 800 லிட்டர் கைக்கு வரும். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் கூரைக்குப் போட்டுப் பார்க்கட்டும். பருவத்தின் முதல் மழையில் கூரையின் தூசியைக் கழுவி வெளியே விட்டுவிட்டு, அதன் பிறகே தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்ப வேண்டும்.

ஆனால் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மக்கும் குப்பையை உரமாக்கும் வேலையைத்தான். எல்லா வீட்டிலும் குப்பை உண்டு, நாள்தோறும் உண்டு, எடைபோட்டுப் பார்க்கலாம், இரண்டு மூன்று மாதத்தில் கையில் எடுத்து மோந்து பார்க்கக்கூடிய பலனும் கிடைக்கும். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் கழிவிலிருந்து மீத்தேன் வெளியாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்றோட்டத்தோடு மக்கச் செய்தால் அந்த மீத்தேன் பெரும்பாலும் உண்டாவதே இல்லை.

உரக் குவியல், அருகில் நின்று

தொடங்கும் முன் ஏழு நாள் எடைபோடுங்கள். இருபது வீடுகளில் இரண்டிரண்டு வாளி கொடுத்து, மக்குவதையும் மக்காததையும் தனித்தனியே வாங்கி, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒருநாள் மட்டும் எடுத்த எடையை நம்பாதீர்கள். விடுமுறை நாளின் குப்பை வேறு, வேலைநாளின் குப்பை வேறு. பிறகு வரும் வெற்றி தோல்வி எல்லாவற்றையும் இந்த ஏழு நாள் கணக்கோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். எடைபோடும் வேலையில் மாணவர்களைச் சேருங்கள். தங்கள் கையால் எழுதிய எண்ணை அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

குவியலுக்குத் தேவையானவை நான்கு: பச்சைக் கழிவு, காய்ந்த கழிவு, காற்று, ஈரம். காய்கறித் தோல், புல் போன்ற பச்சைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி; சருகு, மரத்தூள், கிழித்த அட்டை போன்றவற்றில் கார்பன் மிகுதி. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். நடைமுறையில் ஒரு வாளி பச்சைக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி சருகு என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அந்த விகிதம் வந்துவிடும். குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். சிறியதாக இருந்தால் ஆறிப்போகும். ஒரு பிடியை எடுத்துக் கையில் அழுத்திப் பாருங்கள்: பிழிந்த பஞ்சுபோல் ஈரமாக இருந்து ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சரியாக அமைந்த குவியலின் நடுப்பகுதி சில நாட்களில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முதன்முதலாக அதற்குள் கை விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டவரின் முகத்தில் தெரியும் வியப்பை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். நெருப்பில்லாமல் சூடு எப்படி வந்தது என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் உண்டு செரிக்கும் சூடு அது என்று சொல்லும்போது குவியலைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே நின்றுவிடும். அந்தச் சூடு சில நாட்கள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். சூடு தணியத் தொடங்கும்போது வெளிப்பகுதியை உள்ளே தள்ளிக் கிளறிவிட வேண்டும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும்.

நாற்றம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். காற்று போதாததும் ஈரம் மிகுந்ததும்தான் பெரும்பாலும் காரணம். கிளறி, சருகைத் தாராளமாகக் கலந்து, மேலே ஒரு சாண் கனத்துக்குச் சருகு மூடினால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இறைச்சியையும் எண்ணெய்க் கழிவையும் தொடக்கத்தில் சேர்க்காமல் இருந்தால் எலித் தொல்லை குறையும். குவியலுக்கு மிக அருகில் இருக்கும் வீட்டாரிடம் வாரந்தோறும் போய் ஏதும் தொல்லை உண்டா என்று கேட்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒரு நல்ல முயற்சியை ஒரே ஒரு வீட்டின் நியாயமான மனக்குறை நிறுத்திவிடும். அந்த மனக்குறை புகாராக மாறும் முன் கேட்டுவிட்டால் அவரே காவலராகவும் மாறுவார்.

ஜப்பானின் கமிகட்சு என்னும் சிற்றூர் 2003இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தது. அங்குள்ளவர்கள் தங்கள் கழிவைத் தாங்களே மையத்துக்குக் கொண்டுவந்து 40க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய 80 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. அதைப் பார்த்து நீங்களும் நாற்பது வகையில் தொடங்கிவிடாதீர்கள். அங்கும் வகைகள் ஆண்டுக்கணக்கில் படிப்படியாகத்தான் கூடின. இரண்டு வாளி மூன்று மாதம் தவறாமல் நடந்த பிறகு மூன்றாவது வாளியைப் பற்றிப் பேசலாம்.

விதிகளும் பணமும்

பொதுவான காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் மக்கள் தாங்களே பல தலைமுறையாகக் காத்து வந்த இடங்களை எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் பொதுவாகக் காணப்பட்ட எட்டுக் கொள்கைகளை அவர் தொகுத்தார். அவற்றில் மூன்றை நீங்கள் முதல் நாளே எடுத்துக்கொள்ளலாம். விதியால் கட்டுப்படுபவர்களே அந்த விதியை மாற்றவும் உரிமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். விதியைக் கண்காணிப்பவர் அந்த மக்களில் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருக்க வேண்டும். தவறுக்கான தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும்.

மூன்றாவது கொள்கை எவ்வளவு நுட்பமானது என்பது வாளி விஷயத்திலேயே விளங்கும். பிரிக்காத குப்பையைக் கொடுத்த வீட்டின் பெயரை முதல் வாரமே பலகையில் எழுதினால் அந்த வீட்டை நிரந்தரமாக இழந்துவிடுவீர்கள். முதல்முறை வாளியைத் திறந்து காட்டி எது எங்கே போகும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒரு சீட்டு ஒட்டுங்கள். மூன்றாம் முறை அன்றைய வாளியை எடுக்காமல் விடுங்கள். இந்த மூன்று படிகளையும் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாத கணக்கு, மாதந்தோறும் பலகையில் ஒட்டப்படும் வரவு செலவு, ரசீது இல்லாத செலவை ஏற்காத பிடிவாதம், இவை மூன்றும் இருந்தால் பெரும்பாலான சண்டைகள் பிறப்பதே இல்லை. நிறுவனம் ஒன்று பணம் தர முன்வந்தால், அந்தப் பணம் நின்றுபோன மறுநாளும் வேலை நடக்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உரிமையைப் பகிர்ந்தால் எதிர்ப்பு எப்படி மாறுகிறது என்பதற்கு டென்மார்க்கின் சாம்சோ தீவு நல்ல சான்று. ஏறக்குறைய நான்காயிரம் பேர் வாழும் அந்தத் தீவு, 1997இல் அரசு நடத்திய போட்டியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2003க்குள் நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகள் எழுந்தன. உழவர்களும் சிறு பங்குதாரர்களும் உள்ளாட்சியும் அவற்றில் உரிமை பெற்றனர். அதற்கு முன் அங்கு ஆண்டுக்கணக்கில் நடந்தவை வீடு வீடாகப் போய்ப் பேசிய பேச்சுகளும் கூட்டங்களும்தான். காற்றாலை தன்னுடையது என்றான பிறகு, அதன் ஓசையைக் கேட்கும் காதும் மாறிவிடுகிறது.

உள்ளாட்சியிடம் போகும் முறை

வடிகால், சாலையோர நிழல், பேருந்து வசதி போன்றவற்றை ஒரு தெரு தனியே செய்துகொள்ள முடியாது. உள்ளாட்சியிடம் போகும்போது கோபத்தோடு மட்டும் போகாமல் ஒரு பக்கக் கடிதம், ஒரு வரைபடம், ஒரு கணக்கு என்று மூன்றைக் கையில் கொண்டு போங்கள். இன்ன இடத்தில், இன்ன நாளில், இவ்வளவு மணி நேரம், இவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று நாள் குறித்து எழுதிய கணக்கை எந்த அலுவலராலும் எளிதில் ஒதுக்க முடியாது. மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டம் எந்த மாதத்தில் தயாராகிறது என்று அறிந்து அதற்கு மூன்று மாதம் முன்பே போக வேண்டும். பணம் ஒதுக்கி முடித்த பிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கி, நகரத்தின் முதலீட்டுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மக்கள் கூட்டங்களிலேயே முன்னுரிமை வரிசைப்படுத்தியது. அந்த முறை பின்னர் உலகின் பல நகரங்களுக்குப் பரவியது. உங்கள் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் அதைக் கேட்பதும் ஒரு கோரிக்கையாகட்டும்.

அரசும் மக்களும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய மாற்றம் வரும் என்பதற்கு வங்கதேசத்தைக் காட்டலாம். 1970இல் அங்கு வீசிய பெரும்புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தனர். 1972இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். எச்சரிக்கை வந்ததும் அவர்கள் கொடி ஏற்றுகிறார்கள், ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகப் போகிறார்கள், கதவைத் தட்டி முதியவர்களை அழைத்துக்கொண்டு புகலிடம் சேர்க்கிறார்கள். புகலிடங்களும் கடல்நீரைத் தடுக்கும் கரைகளும் வானிலை முன்னறிவிப்பும் மேம்பட்டதோடு இதுவும் சேர்ந்ததால், பிற்காலப் புயல்களில் இறப்பு பல மடங்கு குறைந்துவிட்டது. உங்கள் ஊரில் முதல் மாதம் வரைந்த வரைபடத்தை இதற்கே பயன்படுத்தலாம்: வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் காலையும் மாலையும் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று பெயர் எழுதி வையுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாற்றுப் பெயரும் இருக்கட்டும்.

எதிர்ப்பும் களைப்பும்

எதிர்ப்பவரை வெளியே நிறுத்தாதீர்கள். காலநிலை மாறுகிறது என்பதையே நம்பாதவர்கூடக் கொசுத்தொல்லை குறைய வேண்டும், கிணற்றில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று விரும்புவார். அவரோடு சேர்ந்து வடிகாலைத் தூர் வார அந்த விருப்பம் போதும். கொள்கையில் உடன்பட்ட பிறகே வேலை என்று நிபந்தனை வைத்தால் காத்திருந்தே காலம் போகும்.

களைப்பு இதைவிடப் பெரிய தொல்லை. ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் முதலில் வந்த உற்சாகம் வடிந்து, எல்லாப் பொறுப்பும் இரண்டு மூன்று பேர் தலையில் விழும். நான் பங்கேற்ற ஒரு முயற்சி அப்படித்தான் நின்றது. சாவி ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம், தொலைபேசி எண்கள் எல்லாம் அவர்கள் நினைவில். அவர்களில் ஒருவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனதும் குவியலைக் கிளற யாரும் வரவில்லை, மூன்று வாரத்தில் நாற்றம், ஐந்தாவது வாரத்தில் அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு மூடினோம். அதில் எனக்கும் பங்கு உண்டு. ஒழுங்காக நடக்கிறதே என்று யாரும் இரண்டாவது ஆளைப் பழக்கவில்லை. ஒவ்வொரு பொறுப்பையும் முதல் நாளிலிருந்தே இரண்டு பேருக்குக் கொடுங்கள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதிக் குவியலுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள். கிளறுகோல் எங்கே இருக்கிறது, சருகு தீர்ந்தால் யாரிடம் கேட்பது, நாற்றம் வந்தால் என்ன செய்வது என்பவை அதில் இருந்தால் புதிதாக வருபவர் யாரையும் தேடாமல் வேலையைத் தொடங்கிவிடுவார்.

கணக்கைப் பலகையில் எழுதுவதும் களைப்புக்கு நல்ல மருந்து. இந்த மாதம் குப்பைமேட்டுக்குப் போகாமல் தடுத்த எடை இவ்வளவு, எடுத்த உரம் இவ்வளவு, சேர்ந்த வீடுகள் இத்தனை, விலகிய வீடுகள் இத்தனை என்று நான்கு வரி போதும். விலகியதையும் எழுதுங்கள், எண் குறைந்த மாதத்தில்தான் ஏன் குறைந்தது என்று கேட்டு ஒருவராவது வருவார்.

ஓராண்டு முடிந்ததும் அந்தப் பழைய தாளை மீண்டும் விரித்து, கோட்டில் ஓர் ஆண்டைக் கூட்டி எழுதுங்கள். ஏழு நாள் எடையை அதே இருபது வீடுகளில் மறுபடி எடுங்கள், அதே பாதையில் அதே நேரத்தில் வெப்பமானியோடு நடங்கள், மழை ஓய்ந்த மறுநாள் பழுப்புக் கோடு இருந்த சுவருக்குப் போய்த் தண்ணீர் எதுவரை வந்தது என்று அளந்து, பக்கத்தில் நாளைக் குறித்துவிட்டு வாருங்கள். அடுத்த வேலை எது என்பதை அன்று மாலை கூடுபவர்கள் முடிவு செய்யட்டும்.